பிரெஞ்சு ‘தூஜூர்’: எப்போதுமா, இன்னுமா?

கேள்வி: பிரெஞ்சில் ‘இல் தோர் தூஜூர்’ என்னும் தொடர் ‘அவன் எப்போதும் தூங்குகிறான்’ என்றும் ‘இன்னும் தூங்குகிறான்’ என்றும் பொருள்படுகிறது. ஜெர்மனும் குரோவேஷியனும் இவற்றை எவ்வாறு பிரிக்கின்றன?

மறுமொழி 1: ஜெர்மனில் ‘இம்மர்’ என்றால் எப்போதும், அதனுடன் ‘நோக்’ சேர்ந்து ‘இம்மர் நோக்’ ஆகும்போது ‘இன்னும்’ என்ற பொருள் அழுத்தமாக வருகிறது. குரோவேஷியனிலும் ‘உவியேக்’ எப்போதும் என்பதையும், முன்னால் ‘யோஷ்’ சேர்ந்த ‘யோஷ் உவியேக்’ இன்னும் என்பதையும் குறிப்பதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே உத்தியையே கையாள்கின்றன. ‘நோக்’, ‘யோஷ்’ இரண்டும், நம் ‘இன்னும் ஒன்று’ போலவே, கூடுதலையும் சுட்டும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மறுமொழி 2: பிரெஞ்சைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், எதிர்மறையில் சொல்வரிசையே வேலையைச் செய்துவிடுகிறது. ‘பா தூஜூர்’ என்றால் ‘எப்போதும் அப்படியல்ல’. ‘தூஜூர் பா’ என்றால் ‘இன்னமும் இல்லை’.

கேட்டவர்: நன்றி. குரோவேஷிய ‘வெச்’ என்பது ‘ஏற்கெனவே’ மட்டும்தானா?

மறுமொழி 1: இல்லை. ‘நே தனாஸ், வெச் சூத்ரா’ என்பதில் அது காலத்தையே விட்டுவிட்டு, ‘இன்றல்ல, மாறாக நாளை’ என்று எதிர்நிலையைக் காட்டும் இணைப்புச்சொல்லாகிவிடுகிறது.