அறுவைக்கு முன் தைராய்டு ஸ்லைடுகளை இன்னொருவர் பார்க்க வேண்டுமா?

மன்னார்குடி வாசகர்:
என் அக்காவுக்கு வயது 42. கழுத்தின் வலப்பக்கம் 3 சென்டிமீட்டர் கட்டி. ஊசிப் பரிசோதனை அறிக்கையில் ‘ஃபாலிகுலர் நியோப்ளாசம், பெதஸ்டா நான்காம் வகை’ என்று இருக்கிறது. (தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகையாகப் பிரிக்கும் முறைதான் பெதஸ்டா; நான்காம் வகை என்றால், புற்றா இல்லையா என்று ஊசிப் பரிசோதனையால் உறுதியாகச் சொல்ல முடியாத கட்டி.) தைராய்டு முழுவதையும் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். தைராய்டு ஸ்லைடுகளை (ஊசியில் எடுத்த உயிரணுக்களைப் பூசிய கண்ணாடித் துண்டுகள்) அதிகம் பார்த்துப் பழகிய வேறொரு நோயியல் மருத்துவரிடம் அவற்றைக் காட்டிய பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் பலர் இதை வீண் அலைச்சல் என்கிறார்கள்.

கும்பகோணம் ஆசிரியர்:
தம்பி, உங்கள் கவலை புரிகிறது. ஆயினும் நான் உடன்படவில்லை. கட்டியின் உறையையோ இரத்தக்குழாயையோ அதன் உயிரணுக்கள் துளைத்திருக்கின்றனவா என்று, கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் நான்காம் வகைக் கட்டி புற்றா என்பது தெரியும். ஊசியில் வருபவை உதிரி உயிரணுக்கள் மட்டுமே. பத்துப் பேர் பார்த்தாலும் கட்டியை எடுத்தே ஆக வேண்டும் எனும்போது, சம்பா அறுப்பு நேரத்தில் ஒரு குடும்பத்தைச் சென்னைக்கு அலைய விடுவானேன்? அப்படி நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் அறுவையே செய்துகொள்ளாமல் விட்ட உறவினர் ஒருவர் எனக்கு உண்டு.

மன்னார்குடி வாசகர்:
ஐயா, உறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது நான்காம் வகைதான் என்பது உறுதியானால் மட்டுமே அந்த வாதம் நிற்கும். மூன்றிலும் நான்கிலும்தான் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கருத்து அதிகம் மாறுகிறது. 2023-இல் வந்த பெதஸ்டா மூன்றாம் பதிப்பு, புற்றாக இருக்கும் சராசரி வாய்ப்பை இரண்டாம் வகைக்கு 4 விழுக்காடு, நான்காம் வகைக்கு 30, ஐந்தாம் வகைக்கு 74 என்று தருகிறது. இரண்டாம் வகை, அதாவது புற்றல்லாத கட்டி, என்றாகிவிட்டால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதுமாகலாம். நான்காகவே இருந்தாலும், வலப்பாதியை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்க இடமுண்டு. முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை. தைராய்டை ஒட்டி இருக்கும், கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் மாத்திரையும் சேரும்.

தஞ்சை ஆய்வகப் பணியாளர்:
ஸ்லைடு மறுபார்வைக்கு நோயாளி போக வேண்டியதில்லை. ஸ்லைடுகள், அறிக்கை, கழுத்து ஸ்கேன் அறிக்கை ஆகிய மூன்றும் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சதைத்துண்டு பயாப்ஸி என்றால் அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி சீவிக் கொள்ளலாம்; ஊசிப் பரிசோதனையின் ஸ்லைடு உடைந்தால் அதற்கு நகல் கிடையாது, மீண்டும் ஊசிதான் போட வேண்டும். எனவே எத்தனை ஸ்லைடு என்று எண்ணி எழுதி வாங்கி, ஸ்லைடுப் பெட்டியில் வைத்து, கையில் எடுத்துச் செல்லுங்கள். எல்லா ஸ்லைடுகளையும் கேளுங்கள். ஒன்றிரண்டை மட்டும் பார்த்துச் சொல்லும் கருத்துக்குப் பலம் குறைவு.

கும்பகோணம் ஆசிரியர்:
நோயாளி போக வேண்டாம் என்பது எனக்குப் புதிய செய்தி, அம்மா. என் மறுப்பில் பாதி இதோடு விலகுகிறது. மீதிப் பாதி இருக்கிறது: அறுவைக்குக் கொடுத்த தேதியை விட்டுவிடாதீர்கள், அந்த மருத்துவருக்குத் தெரியாமலும் செய்யாதீர்கள்.

மன்னார்குடி வாசகர்:
தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஐயா, அதை மாற்றவில்லை. இன்று மருத்துவரிடமே கேட்டேன், கடிதம் எழுதித் தந்தார். மொத்தம் ஆறு ஸ்லைடுகள். திங்கட்கிழமை நானே எடுத்துப் போகிறேன்.