லெட்டர்பாக்ஸில் இரண்டு பெயர்: மியூனிக் வரும் ஜோடிகளுக்கு

"அக்கா, அவருக்கு மியூனிக்கில் வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் வர்றோம். என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று போன வாரம் ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டாள். புளி, மிளகாய்த்தூள், குக்கர் காஸ்கெட் என்று அடுக்கிக்கொண்டே போனேன். போனை வைத்த பிறகுதான், முக்கியமானதைச் சொல்லவே இல்லையே என்று உறைத்தது. அவளுக்கும், அவளைப்போல வருகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் வேலைக்கு வந்தார், நான் அவரோடு வந்தேன். வேலைக்கு வருகிறவருக்கு முதல் திங்கட்கிழமையே ஊர் கிடைத்துவிடும்: ஆபீஸ், அடையாள அட்டை, மதியம் சேர்ந்து சாப்பிட நாலு பேர். கூட வருகிறவர் கையில் இருப்பது வீட்டுச் சாவி மட்டும். அதனால் இங்கே எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும், இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடிவாதமாகப் பாருங்கள்.

லெட்டர்பாக்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். இங்கே பெரும்பாலான முகவரிகளில் ஃபிளாட் நம்பர் இருக்காது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நாங்கள் அவர் பெயரை மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். எனக்கு வரவேண்டிய வரி எண் கடிதம் வரவே இல்லை. ஷ்டாயர் ஐடி என்று சொல்லும் அந்த 11 இலக்க எண் தபாலில்தான் வரும். இன்ஷூரன்ஸ் கார்டும் வரவில்லை, பேங்க் பின் நம்பரும் வரவில்லை. ஆறு வாரம் அலுவலகங்களைத் திட்டித் தீர்த்த பிறகு, பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பெட்டியைக் காட்டி, "உன் பெயர் எங்கே?" என்று கேட்டார்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் எனக்கு என் அப்பா பெயர், அவருக்கு அவர் அப்பா பெயர். ஆக, இன்று எங்கள் பெட்டியில் இருப்பது இரண்டு சம்பந்திகளின் பெயர்! கல்யாணத்தில் பந்தி விஷயமாக முறைத்துக்கொண்டவர்கள் மியூனிக்கில் ஒரே ஸ்டிக்கரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் கிளினிக்கில் "ஃபிராவ்", அதாவது திருமதி, என்று சொல்லி அப்பா பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியது நான்தான். பழகிவிடும். ஆனால் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துவிட்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் நடக்காது. கல்யாணச் சான்றிதழை ஜெர்மன் மொழிபெயர்ப்போடு மறக்காமல் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் திருமணமானவர் என்பது பதிவில் ஏறாமல் போகலாம், வரியும் தனி ஆளுக்குப் பிடிப்பதுபோலவே பிடிப்பார்கள்.

வரி என்றதும் "3-5 போட்டுடுங்க, கையில நிறைய வரும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கல்யாணமானவர்களுக்கு வரி வகுப்பு 4-4 அல்லது 3-5. 4-4இல் இருவருக்கும் ஒரே மாதிரி பிடிப்பார்கள்; 3-5இல் வகுப்பு 3 எடுத்தவருக்குக் குறைவாக, 5 எடுத்தவருக்கு அதிகமாக. ஒருவருக்கு மட்டும் சம்பளம் என்றால் 3-5இல் மாதாமாதம் கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் மனைவி வேலைக்குப் போகும்போது வகுப்பு 5 அவள் சம்பளத்தை அரித்துவிடும். வருஷ வரிக் கணக்கில் எல்லாம் நேராகிவிடும் என்பார்கள். வரியைப் பொறுத்தவரை நேராகும். குழந்தை பிறந்தால் கிடைக்கும் எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகையையும், வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகையையும் கையில் வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அங்கே இழந்தது திரும்ப வராது. எனக்கு வேலை கிடைத்த மாதமே 4-4க்கு மாறினோம்.

வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டு கையெழுத்து வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டே, அதாவது வெறும் வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்ததுதான் வார்ம்மீட்டே, பட்ஜெட்டை அதை வைத்துப் போடுங்கள். முன்பணம் அதிகபட்சம் 3 மாத வெறும் வாடகைதான், அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், பல வீடுகளில் தண்ணீர்க் குழாயும் பிளக் பாயிண்டும் மட்டும்தான் இருக்கும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் வயர் தொங்கும்.

இரண்டு பெயர் தேவைப்படாத இடம் ஒன்றும் உண்டு. வானொலி-டிவிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். பதறாமல், ஒருவர் கட்டணம் கட்டும் கணக்கு எண்ணை, இன்னொருவருக்கு வந்த கடிதத்துக்கான பதிலில் எழுதி அனுப்பினால் போதும்.

இனி கூட வருகிறவர்களுக்கு மட்டும். ப்ளூ கார்டில், அதாவது படித்த வேலைக்காரர்களுக்குத் தரும் வேலை-குடியிருப்பு அனுமதியில், வந்தவரின் துணைக்கு வேலை செய்ய முழு அனுமதி உண்டு, வருவதற்கு முன் ஜெர்மன் பரீட்சையும் தேவையில்லை. அந்தச் சலுகையை நம்பி மொழியைத் தள்ளிப்போட்டேன், அது என் முட்டாள்தனம். "முதல்ல செட்டில் ஆவோம்" என்று சொல்லி நவம்பர் வந்துவிட்டது. மாலை நாலரைக்கே இருட்டு, அவர் வர ஏழு மணி, பேச ஆளில்லாமல் ஊருக்கு வீடியோ கால். அப்புறம்தான் நகர மக்கள் கல்லூரியில், ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்பார்கள், காலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பிரேசில்காரியும் சிரியாக்காரரும் என்னைப்போலவே தப்பும் தவறுமாகப் பேசினார்கள். எனக்கு ஊர் கிடைத்தது அங்கேதான். தமிழ் வாட்ஸாப் குழுவில் தாராளமாகச் சேருங்கள், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று அங்கேதான் தெரியும். ஆனால் வந்த முதல் மாதமே வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். கார் ஓட்டத் தெரிந்தவர் என்றால் இன்னொன்று: நம் லைசென்ஸ் இங்கே 6 மாதம்தான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறியாக வேண்டும்.

கணவன்மார்களே, முதல் ஆறு மாதம் அலுவலகத்துக்குப் போன் செய்வது, ஃபார்ம் நிரப்புவது எல்லாவற்றையும் நீங்களே வேகமாகச் செய்து முடித்துவிடாதீர்கள். அவளும் பக்கத்தில் உட்காரட்டும், பாதியை அவள் நிரப்பட்டும்.

தங்கை கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி கொண்டு வா. இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் அடாப்டர் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மற்ற நாளிலும் இரவு 8 மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் சனிக்கிழமையே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் கூடாது என்பதால் மாவையும் சனிக்கிழமையே அரைத்துவிடு. குளிர்காலத்தில் மாவு புளிக்க, ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து உள் விளக்கை மட்டும் போட்டுவிடு. மறந்துபோய் சூட்டைப் போட்டுவிடாதே, நான் ஒருமுறை போட்டேன்.