கரைப்பலகை காட்டிய வழி: மிசிசிப்பி ஆற்றில் ஓர் அனுபவம்

கடலோரத் துறைமுகங்களில் மிதவைகளைப் பார்த்தே வழி கண்டு பழகிய நான், மிசிசிப்பி ஆற்றில் பார்ஜுகள் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளைத் தள்ளிச் செல்லும் படகு ஒன்றின் சுக்கான் அறையில் நின்றபோது, அதைச் செலுத்திய பைலட்டின் பார்வை நீரைவிடக் கரையிலேயே அதிகம் தங்கியிருந்ததைக் கவனித்தேன். வெள்ளத்தில் மிதவை இடம் மாறும், மூழ்கும், பார்ஜ் மோதி அறுந்தும் போகும். கரையில் நட்ட பலகையை அந்த அளவுக்குச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றார் அவர்.

நீரோட்டத்தின் திசையில் பார்த்தால் அங்கே வலக்கரைக்குப் பச்சைச் சதுரம், இடக்கரைக்குச் சிவப்பு முக்கோணம். ஆழமான தடம் அந்தக் கரையை ஒட்டிச் செல்கிறது என்பதே இவற்றின் பொருள். என்னைப் பெரிதும் ஈர்த்தது சாய்சதுரப் பலகைதான். வளைவுகளில் ஆழம் வெளிப்புறக் கரையை ஒட்டியே அமையும் என்பதால், அடுத்த வளைவு எதிர்ப்பக்கமாகத் திரும்பும்போது தடமும் ஆற்றைக் குறுக்கே கடந்து மறுகரையைச் சேர வேண்டும். அப்படிச் சேர வேண்டிய கரையில், மேலும் கீழும் சிவப்போ பச்சையோ, இரு பக்கமும் வெள்ளையுமாக அந்தப் பலகை நிற்கிறது. பைலட் அதைப் படகின் முனைக்கு நேராக வைத்துக்கொண்டு வெகுதூரம் சென்றார். என் கண்ணுக்கு அது வீண் சுற்றாகவே பட்டது. ஆனால் நான் நேர்வழி என்று நினைத்த பக்கத்தில்தான் நீருக்கடியில் மணல்மேடு இருந்ததை வரைபடம் காட்டியது. பலகையை நெருங்கிய பிறகே அவர் படகைக் கரைக்கு இணையாகத் திருப்பினார்.

இரவில் வலக்கரை விளக்கு ஒருமுறையும் இடக்கரை விளக்கு இருமுறையும் மின்னும். இரு கரைகளிலும் வெள்ளை விளக்குகளும் உண்டு என்பதால், நிறத்தைவிட இந்த எண்ணிக்கையே நம்பத்தக்கது.

ரைன் போன்ற ஐரோப்பிய ஆறுகளுக்குச் செல்பவர்கள் இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது: அங்கே வலக்கரைக்குச் சிவப்பு, இடக்கரைக்குப் பச்சை.

பலகைக்குக் கீழே உள்ள எண், மைல் கணக்கு. மேல் மிசிசிப்பியில் அது ஓஹையோ ஆறு கலக்குமிடத்திலிருந்து மேல்நோக்கிக் கூடுகிறது. ஓஹையோ ஆற்றிலோ பிட்ஸ்பர்க்கில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கூடுகிறது. எதிரே வரும் படகுடன் வானொலியில் பேசி, எந்த வளைவில் யார் காத்திருப்பது என்று முடிவு செய்ய பைலட்டுகள் சொல்வது இந்த எண்ணைத்தான்.