மெல்லிய செராமிக் கிரவுனுக்கு எந்த நிற சிமென்ட்?

பல் டாக்டர் நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்.

வேர் சிகிச்சை செய்த மேல் முன்பல். கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) செதுக்கிய பிறகு அடிப்பல் நல்ல பழுப்பாகத் தெரிகிறது. லேபிலிருந்து வந்திருக்கும் கிரவுன் லிதியம் டைசிலிகேட், ஒளி ஊடுருவும் கண்ணாடி செராமிக். முன்பக்கத்தில் 1 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ட்ரான்ஸ்பரன்ட் ட்ரை-இன் பேஸ்ட் (ஒட்டுவதற்கு முன் சிமென்ட் நிறம் எப்படி வரும் என்று பார்க்கும் பசை) வைத்தால் ஈறோரம் சாம்பல் நிழல் விழுகிறது. ஒளி புகாத வெள்ளை ஒபேக் பேஸ்ட்டில் நிழல் மறைகிறது, ஆனால் பல்லில் உயிரே இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது.

சிமென்ட் படலமே 0.1 மி.மீ.கூட இருக்காது. அது எவ்வளவுதான் மறைக்கும்? ஒளி ஊடுருவல் குறைந்த இங்காட்டில் (கிரவுன் செய்யும் செராமிக் கட்டி) மறுபடி செய்யச் சொல்வதா, இல்லை அடிப்பல்லை ஒபேக் காம்போசிட்டால் (பல் அடைக்கும் ரெசின்) மூடிவிட்டுப் புதிதாக அளவெடுப்பதா?

ஒளியாலும் தானாகவும் இறுகும் டூயல் க்யூர் சிமென்ட்கள் பலவற்றில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் நாளாக நாளாக மஞ்சளடிக்கும் என்பதால் ஒளியால் மட்டும் இறுகும் லைட் க்யூர் பக்கம்தான் சாய்கிறேன். ட்ரை-இன் பேஸ்ட்டில் பார்த்த நிறம் சிமென்ட் இறுகிய பிறகும் உங்களுக்கு அப்படியே வருகிறதா? எந்த பிராண்ட், எந்த ஷேட் என்றும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஒளி அதிகம் ஊடுருவாத ஜிர்கோனியா செராமிக் போட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்துப் பற்களின் நுனி அவ்வளவு கண்ணாடித்தனம், சேரவே சேராது.