"யாருக்கும்மா வாங்குறீங்க?" கையால் செய்த வாழ்த்து அட்டையும் நானும்

பதினோரு வருடம் பாடப் புத்தகங்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் படம் வரைந்தேன். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதோடு சரி, அதை யார் பார்த்தார்கள், பார்த்தவர் முகம் எப்படி மாறியது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

என் சித்தி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபோது ஒரு அட்டை செய்து கொடுத்தேன். அவர் தினமும் எடுத்துப்போகும் பிளாஸ்டிக் கூடை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் திருத்தாத விடைத்தாள் கட்டு, ஒரு குடை. அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் போனால், பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருந்தது. குங்குமம்கூட வைத்திருந்தார். இனி வாழ்த்து அட்டைதான் என்று அன்று இரவு பேருந்தில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் காகிதம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே இல்லாத தாள் இல்லை. 22க்கு 30 அங்குலம் ஓவியத் தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம், நல்ல கனம்) கேட்டேன். கடைப் பெரியவர் "என்னம்மா பண்ணப் போற?" என்றார். சொன்னேன். "எந்த சைஸ்?" ஏ5 தாளை, அதாவது ஏ4-இல் பாதியை, இரண்டாக மடிப்பதாகச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டுக் காட்டினார். ஏ5 என்றால், எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டினால், ஒரு தாளில் பத்துதான் வரும், மீதி வீண். ஏழரைக்கு ஐந்தரை அங்குலம் என்று வெட்டினால் சரியாகப் பதினாறு. "ஆறு அட்டையைக் குப்பையில போடப் போறியா?" என்று கேட்டார். இன்றுவரை என் அட்டைகள் எல்லாம் அந்த அளவுதான்.

இன்னொன்றும் அவர் சொல்லிக் கொடுத்தார். ஆலைத் தாளில் நார் ஒரு திசையில் ஓடும், கிரெயின் என்பார்கள். தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடிக்க வேண்டும். மாற்றி மடித்தால் மடிப்பில் விரிசல் விட்டு, பூசிய வண்ணம் உதிரும். புதுச்சேரி ஆசிரமத்தில் பருத்தித் துணியிலிருந்து செய்யும் கைத்தாளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, நார் நாலா பக்கமும் கலந்து கிடக்கும். ஆனால் மையைச் சட்டென்று உறிஞ்சிவிடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு அட்டையையும் தனியாக வரைந்தால் கட்டுப்படியாகாது என்று சீக்கிரமே புரிந்தது. அதனால் லினோலியத்தில் (கத்தியால் எளிதாகச் செதுக்க வரும் மெத்தென்ற தகடு) கோட்டுப் படத்தைச் செதுக்கி, உருளையால் மை பூசி, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்து, வண்ணத்தை மட்டும் கையால் தீட்டத் தொடங்கினேன். முதல் எண்பது அட்டைகளும் பாழ். தண்ணீரில் கரையும் மையில் அச்செடுத்துவிட்டு அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினால் என்ன ஆகும்? கறுப்புக் கோடெல்லாம் கரைந்து மஞ்சள் சேலை சாம்பல் ஆகிவிட்டது. எண்ணெய் மைக்கு மாறினேன். அது நன்றாக நிற்கும், ஆனால் ஐப்பசி மழையில் காய ஒரு வாரத்துக்கு மேல் எடுத்தது. கொடியில் கிளிப் போட்டு வீடு முழுக்கத் தொங்கவிட்டேன். அம்மா குனிந்து குனிந்து நடந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அடையாறு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டேன். அறுபது அட்டை கொண்டு போனேன், ஒன்பது விற்றது. நிறையப் பேர் எடுத்துப் பார்த்து, அழகாக இருக்கு என்று சொல்லி, வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா வந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உள்ளே நான் நான்கு வரியில் வாழ்த்துக் கவிதை எழுதி, ஓரம் முழுக்கக் கொடிகள் வரைந்திருந்தேன். "நீங்களே எல்லாத்தையும் எழுதிட்டா நான் எங்கம்மா எழுதறது?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே இடம் தேடிக் கேட்டார். மகளுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்ப வேண்டும், சொல்ல நிறைய இருக்கிறது என்றார். கவிதை எழுதாமல் மிச்சமிருந்த ஒரு அட்டையைத் தேடிக் கொடுத்தேன். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நிறைத்து எழுதினார். முகவரி எழுதும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பக்கத்தை நிரப்பக் கற்றவள் நான். இதழில் வெற்றிடம் விட்டால் ஆசிரியர் திருப்பி அனுப்புவார். அட்டையில் என் படம் வாசல் மட்டும்தான், உள்ளே பேசப் போவது வேறு ஒருவர் என்று அன்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து உள்பக்கம் முழுக்க வெறுமையாக விடுகிறேன்.

அப்புறம் விலையைச் சொல்வதற்கு முன் "யாருக்கு வாங்குறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு பெண் "அத்தைக்கு இருக்கா? ஆன்ட்டின்னு போட்டது வேண்டாம்" என்றார். யோசித்துப் பாருங்கள், அத்தை வேறு, சித்தி வேறு, மாமி வேறு. ஆங்கிலச் சொல் எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடுகிறது. அதிலிருந்து உறவுகளுக்கென்றே வரைந்தேன். பெயர் போடுவதில்லை. காது குத்தும்போது அழும் குழந்தை ஒரு மடியில் உட்கார்ந்திருக்கிறது, மடியும் வேட்டியும் இரண்டு கைகளும்தான் தெரியும். அது யார் மடி என்று நம் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்? தாய்மாமன் அட்டை என்று வாங்குகிறவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். அதிகம் விற்பது அதுதான்.

ஒருநாள் ஒரு இளைஞர் வந்து வெகுநேரம் நின்றார். யாருக்கு என்று கேட்டதும், "ஃப்ரெண்டோட அம்மா தவறிட்டாங்க. என்ன கொடுக்கறதுன்னு தெரியல" என்றார். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. துக்கத்துக்கு அட்டை கொடுக்கும் பழக்கம் நம்மிடம் கிடையாது, நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவர் நண்பர் வெளிநாட்டில் இருந்தார், போக முடியாது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். விளக்கு வரைந்தேன், பூ வரைந்தேன், எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒரு வீட்டு வாசல்படி, தெளித்த தண்ணீர் காய்ந்த தரை, கோலம் இல்லை. அவ்வளவுதான் வரைந்தேன். அவர் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் பையில் வைத்துக்கொண்டார். வருடத்துக்கு பத்துப் பன்னிரண்டுதான் விற்கும். அதை ஒருபோதும் நிறுத்த மாட்டேன்.

காசு விஷயமும் சொல்ல வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கிறீர்கள். தாள், உறை, மை எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு அட்டைக்கு 17 ரூபாய் ஆனது. 40 ரூபாய்க்கு விற்றேன். கடையில் வைத்தால் 40 சதவீதம் அவர்களுக்கு, என் கைக்கு 24 வரும், மிச்சம் 7. வண்ணம் தீட்ட மட்டும் பன்னிரண்டு நிமிடம். ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன், தப்பு. இப்போது 90. விலை ஏற்றியதால் வாங்காமல் போனவர்கள் மிகக் குறைவு. எடையையும் பாருங்கள். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய். என் அட்டை எட்டு கிராம், உறை ஐந்து. ஒருமுறை மரமணி கோத்து ஒட்டினேன், எடை தாண்டிவிட்டது, தபால் போய்ச் சேர்ந்தவர் கைக்காசு கட்டி வாங்கினார். மணியை விட்டுவிட்டேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவர். எண்பதுகளில் பொங்கல் வாழ்த்து அட்டை அடித்த கதையெல்லாம் சொல்வார். ரஜினி, கமல் படம் போட்டது, கரும்பும் பானையும் போட்டது, மாட்டுவண்டி என்று கட்டுக்கட்டாகப் போகும். பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், உறையை ஒட்டாமல் அனுப்பினால் அப்போது குறைந்த தபால்தலை போதுமாம். கைபேசிக் குறுஞ்செய்தி வந்த பிறகு அந்த வேலை அப்படியே வற்றிப்போனது. உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று சொல்லச் சொன்னார். இங்கே அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுவார்கள். பொங்கலுக்கு அட்டை வேண்டுமென்றால் நீங்களும் ஆடியிலேயே செதுக்கத் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் மை காய்ந்துவிடும் என்கிறார்.

*

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஓவிய ஆசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அட்டை செய்யச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் அம்மாவுக்கு வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் வெள்ளை அட்டையை மடித்து நீட்டினான், வெளியே ஒரு பம்புசெட்டு, உள்ளே ஒன்றும் இல்லை. ஏன்டா எழுதலை என்றேன். "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது சார், நான் நேர்ல சொல்லிக்கிறேன்" என்றான்.

*

சார், அந்தப் பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்த பம்புசெட்டை நான் செதுக்கிக்கொள்ளலாமா? விற்கும் ஒவ்வொரு அட்டைக்கும் அவனுக்குப் பங்கு உண்டு. சிவகாசித் தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த ஆடிக்கு முதல் லினோலியச் செதுக்கல் தயார்.