பொலிகிடா தேர்வில் குழப்பம், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மந்தையில் 40 பெட்டை வெள்ளாடுகள், 2 பொலிகிடாக்கள். ஆறு வருடமாக வெளியிலிருந்து கிடா எடுக்கவில்லை. இரட்டைக் குட்டி போடும் ஆடுகளின் குட்டிகளையே நிறுத்தி வளர்த்து வந்தேன்.

போன ஈற்றில் மூன்று குட்டிகள் எழுந்து மடி தேடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. நோட்டைப் புரட்டினால் மூன்றுக்குமே தாயும் தகப்பனும் ஒரே கிடாவுக்குப் பிறந்தவை. மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். கிடாக்களையும் பெட்டைகளையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுத்தால் வருவது பயனுறு கூட்ட அளவு, அதாவது மரபு வளத்தைப் பொறுத்தவரை மந்தை உண்மையில் எத்தனை ஆடுகளுக்குச் சமம் என்ற எண். 42 ஆடுகள் இருந்தும் எனக்கு 7.6 தான் வருகிறது! அப்படியானால் தலைமுறைக்குச் சுமார் 6.6 சதவீதம் உறவுக்கலப்பு (நெருங்கிய உறவு ஆடுகள் இணைவதால் வருவது) ஏறும். குறைந்தது 50 வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வழிகாட்டல். கிடாக்களை 4 ஆக்கினால் 14.5 வரும். சரி, ஏற்றம் பாதியாகக் குறையும். ஆனால் சுமாரான கிடாவையும் சேர்த்தால் தேர்வின் வேகம் குறையுமே?

இரட்டைக் குட்டிப் பண்பின் மரபுத்திறனோ, அதாவது ஆட்டுக்கு ஆடு உள்ள வேறுபாட்டில் மரபுவழி வரும் பங்கோ, 0.1 அளவுதான். தாயின் ஒரே ஈற்றை நம்பிக் கிடா நிறுத்தியது தவறு என்று இப்போது புரிகிறது.

சகோதரிகள், பாட்டி ஆகியோரின் ஈற்றுகளையும் சேர்த்து, பிளப் (BLUP) என்ற புள்ளியியல் முறையில் இனப்பெருக்க மதிப்பு (குட்டிகளுக்குக் கடத்தும் மரபுத் தரம்) கணக்கிட்டவர்கள் இங்கே உண்டா? 120 ஈற்றுப் பதிவுகள் அதற்குப் போதுமா? மூன்று தலைமுறை வம்சாவளி எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வதாக இருந்தால் இன்றே அனுப்புகிறேன்.