20 வயதான ஜெர்மன் கார், அளவான பணம்: ஈ46 வாங்கலாமா, டபிள்யூ211 வாங்கலாமா?

முதல்வண்டி:

வணக்கம். மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அதை வைத்துப் புதிதாக ஒரு சின்ன காருக்கு முன்பணம் கட்டலாம், இல்லாவிட்டால் பழைய ஜெர்மன் கார் ஒன்றை முழுப் பணமும் கொடுத்து வாங்கலாம். எனக்கு ஆசை இரண்டாவதில்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு பென்ஸ் டபிள்யூ124 நிற்கும். அதன் கதவு மூடுகிற சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2003 பி.எம்.டபிள்யூ 320ஐ, ஈ46 மாடல், மேனுவல் கியர், 1,90,000 கி.மீ. ஓடியது. பெயின்ட் மங்கிவிட்டது, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது. ஆனால் ஓனர் தடிமனாக ஒரு பைல் வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷத்து பில் எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொன்று 2004 மெர்சிடிஸ் ஈ320, டபிள்யூ211 மாடல், ஆட்டோமேட்டிக், ஏர் சஸ்பென்ஷன். 98,000 கி.மீ. தான் காட்டுகிறது. உள்ளேயும் வெளியேயும் பளபளவென்று இருக்கிறது. பில் எதுவும் இல்லை, "முந்தின ஓனரிடம் இருந்திருக்கும்" என்கிறார் விற்பவர்.

விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனசு பென்ஸ் பக்கம்தான் போகிறது, கி.மீ.யும் பாதிதானே. எதை வாங்கினாலும் அதற்கு அப்புறம் கையில் பெரிதாக மிச்சம் இருக்காது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது மாதிரி வேலைகளை நானே செய்துகொள்வேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்10:

தம்பி, "அப்புறம் கையில் மிச்சம் இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எந்த வண்டியை எடுத்தாலும் சரி, கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அது முதல் வருஷத்துக்கு. அதை ஒதுக்கினால் வண்டி விலைக்குப் பணம் பற்றாது என்றால் இன்னும் ஆறு மாசம் பொறுத்து வாங்குங்கள். இப்படி ஒரு பழைய ஆறு சிலிண்டர் செடானை 12 வருஷமாக என் கையாலேயே பார்த்து ஓட்டுகிறேன். அந்த ஒதுக்கிய பணம்தான் முதல் வருஷம் என்னைக் காப்பாற்றியது.

வண்டி எது என்றால், தயங்காமல் ஈ46. காரணம் அந்தப் பைல்.

கி.மீ. பாதி என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கி.மீ. தெரியாது, வயசுதான் தெரியும். ஓடாமல் நின்ற வண்டியில் சீல் காயும், ஹோஸ் விறைக்கும், டயர் பக்கவாட்டில் வெடிப்பு விடும். அதற்கு மேல், பில் இல்லாத வண்டியில் 98,000 என்பது மீட்டரில் தெரியும் ஓர் எண், அவ்வளவுதான். பைலில் இருக்கும் பில் ஒவ்வொன்றிலும் தேதியும் கி.மீ.யும் இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், எண்கள் சீராக ஏறிக்கொண்டே போகிறதா என்று. அதுதான் நம்பத் தகுந்த மீட்டர்.

அந்தக் காலத்து டபிள்யூ211-இல் உங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு சுமை இருக்கிறது. ஒன்று எஸ்.பி.சி. பிரேக். மிதியை அழுத்தினால் அது மின் சிக்னலாகப் போய், ஒரு பம்ப் யூனிட் அழுத்தத்தைக் கொடுக்கும். எத்தனை முறை பிரேக் போட்டோம் என்பதை அந்த யூனிட் எண்ணிக்கொண்டே வரும். எல்லை வந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும், யூனிட்டையே மாற்ற வேண்டும். 2006-இல் மாடலைப் புதுப்பித்தபோது கம்பெனியே இதை எடுத்துவிட்டது. இரண்டாவது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பை கசிந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போய்விடும். இந்த இரண்டில் ஒன்று வந்தாலே ஒதுக்கிய பணம் தீர்ந்துவிடும்.

ஈ46-உம் குறை இல்லாத வண்டி இல்லை. கூலிங் சிஸ்டம் அதன் பலவீனம். எக்ஸ்பான்ஷன் டேங்க் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டி), ரேடியேட்டரின் இரண்டு பக்க முனை, தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாமே பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு.

வாங்கி எட்டாவது மாசம். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே இனிப்பாக ஒரு வாசனை வந்தது. கூலன்ட் வாசனை என்று அப்போது எனக்குத் தெரியாது. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே அசையாமல் நின்றது, அதனால் போய்க்கொண்டே இருந்தேன். முள் எழுந்தபோது ஒரேயடியாகச் சிவப்புக்குப் போனது. பக்கத்தில்தானே ஊர் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பானட்டைத் திறந்தால் எக்ஸ்பான்ஷன் டேங்கின் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. டேங்க் மட்டும் என்றால் ஒரு மணி நேர வேலை. ஆனால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, சீவி, இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போட்டு, போல்ட் புதிதாக வாங்கி வண்டி வெளியே வர ஐந்து வாரம்.

இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஈ46-இலும் அப்படித்தான். பெரிய வெப்ப இடைவெளி முழுக்க முள் நடுவில் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது அசைந்த நொடியிலேயே ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். வண்டியின் கணினி விவரத்தைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்ன ரீடர் ஒன்று வாங்கி, போனில் கூலன்ட் டிகிரியைப் பாருங்கள். நான் முதலில் வாங்கச் சொல்லும் கருவி அதுதான்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிரமம் தெரியாது. முன்னாடியே போன் செய்து "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பானட்டில் கையை வைத்துப் பார்ப்பது.

மூன்றாம்கியர்:

ஸ்பானர் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த ஈ320 இன்ஜினுக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். எம்112, வி6. இதுவரை நான் கழற்றிப் பார்த்ததில் இவ்வளவு உறுதியான இன்ஜின் குறைவு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் 12, அதுதான் கொஞ்சம் செலவு. பில்லோடு, ஏர் சஸ்பென்ஷன் இல்லாமல், இந்த இன்ஜினோடு ஒரு டபிள்யூ211 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். இந்த வண்டி அது இல்லை.

ஆட்டோமேட்டிக் எடுக்கும் யாராக இருந்தாலும் இதைக் கேளுங்கள்: கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள்? "அது ஆயுளுக்கும் போட்டது, மாற்றவே வேண்டாம்" என்று பதில் வந்தால், இதுவரை மாற்றவில்லை என்று அர்த்தம். பி.எம்.டபிள்யூ உட்படப் பல கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்துதரும் இசட்.எஃப்.-பே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருஷத்தில், மாற்றச் சொல்கிறது. செய்தவனே சொல்லும்போது வேறு யார் பேச்சும் வேண்டாம்.

பாகஎண்:

உதிரிபாகம் பற்றி மட்டும் சொல்கிறேன், என் வேலையே அதுதான். பழைய ஜெர்மன் காரில் பணம் மிச்சமாவது இங்கேதான். கம்பெனி முத்திரையோடு வரும் பாகத்தில் பெரும்பகுதி வெளியே செய்து வாங்கியது. சஸ்பென்ஷன் ஆர்ம் என்றால் லெம்ஃபோர்டர், கிளட்ச் என்றால் சாக்ஸ் அல்லது லூக், ஃபில்டர் என்றால் மான் அல்லது மாலே, சென்சார் என்றால் பாஷ், கேஸ்கெட் என்றால் எல்ரிங் அல்லது விக்டர் ரைன்ஸ். அதே பாகம் அவர்கள் சொந்தப் பெட்டியில் வரும்போது விலை நன்றாகக் குறையும். பெயரே கேள்விப்படாத மலிவுப் பாகத்தைக் கூலிங்கிலும் சஸ்பென்ஷனிலும் போடாதீர்கள் தம்பி. ஒரே வேலையை இரண்டு தரம் செய்யும்படி ஆகும்.

இன்னொன்று, ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்ற தடிமன் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. பின்பக்கம் அந்தந்தக் கம்பெனியின் அங்கீகாரம் அச்சிட்டிருக்கும். உங்கள் 320ஐ-க்கு பி.எம்.டபிள்யூ எல்.எல்-01. கூலன்ட்டும் அப்படித்தான், பி.எம்.டபிள்யூ-க்கு ஜி48 வகை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கையில் கிடைத்ததை ஊற்றிக் கலக்கவும் வேண்டாம்.

முதல்வண்டி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் மறுபடி போய்ப் பார்த்தேன்.

பென்ஸ்காரர் காலையில் வேண்டாம், மாலையில் வாருங்கள் என்றார். போனபோது பானட் சுட்டது. டயரில் இருந்த நான்கு இலக்கம் 1809. அதாவது 2009-ஆம் வருஷம் 18-ஆவது வாரம். அத்தனை பழைய டயரோடு விற்க வந்திருக்கிறார் என்றதும் மனசு விட்டுப்போயிற்று.

பி.எம்.டபிள்யூ ஓனர் வேறு மாதிரி. ஆறு மணிக்கே வாருங்கள் என்றார், பானட் ஜில்லென்று இருந்தது. சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பைலை வரிசையாகப் பார்த்தேன், 1,42,000-இல் ரேடியேட்டர், டேங்க், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியிருக்கிறார், வருஷம் 2016. சூடானதும் நின்றபடி இருக்கும்போது ஏசி வழியாகக் கருகிய எண்ணெய் வாசனை லேசாக வந்தது. இதனால் வேண்டாம் என்று விடலாமா?

ஸ்பானர்10:

விடாதீர்கள். அந்த இன்ஜினில் அந்த வாசனை பெரும்பாலும் வால்வ் கவர் (இன்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட்தான். ரப்பர் இறுகி, எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டுகிறது. நீங்களே ஒரு மத்தியானத்தில் செய்யலாம். மூடி பிளாஸ்டிக், அதனால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். கழற்றும்போது ஸ்பார்க் பிளக் குழிகளில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வாசனையைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்பக்க சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பாடியோடு சேரும் நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈ46-இல் அங்கே தகடு விரிசல் விடும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லி வந்துவிடுங்கள். கேஸ்கெட் மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது.

கூலிங் மாற்றியது 2016 என்பதால், வந்த முதல் மாசமே அதை மறுபடி முழுதாக மாற்றுங்கள். ஒதுக்கிய பணத்தின் முதல் செலவு அதுதான். கூலன்ட் நிரப்பும்போது இக்னிஷன் ஆன், ஹீட்டர் முழுச் சூட்டில், ஃபேன் குறைந்த வேகத்தில். காற்று வெளியேறும் திருகைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். குமிழ் நின்று தனிக் கூலன்ட் மட்டும் வரும்வரை திருகை மூடக் கூடாது. திருகும் பிளாஸ்டிக்தான், மெல்லப் பிடியுங்கள். அப்புறம் பிரேக் ஃப்ளூயிட், பெல்ட், எல்லா ஃபில்டரும்.

முதல்வண்டி:

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. நான்கு இடமும் சுத்தம், மெக்கானிக் படம் எடுத்துக் கொடுத்தார். கேஸ்கெட்டைச் சொல்லி விலையும் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வருகிறது. பாகஎண் அக்கா, டேங்கும் கேஸ்கெட்டும் ஆர்டர் செய்ய என்ன விவரம் தர வேண்டும்?

பாகஎண்:

வாழ்த்துகள்! சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகள் போதும், அதை வைத்தே உங்கள் வண்டிக்கான சரியான பாக எண்ணை எடுத்துவிடலாம். எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.